கேட்டால் சொல்வேன்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிர் குறைந்திருக்கும், உன் இருமலும் அதோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு வந்தேன். குடலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கனமான எதையும் தூக்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. தூக்குவது நான், அதிகாரம் செய்வது அவன். "அக்கா, மெதுவா, ஷட்டருக்கு வலிக்கப் போகுது" என்கிறான். ஆள் தேறிவிட்டான், கவலைப்படாதே.

போனில் சொல்லாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஐம்பதுகூட ஆகாத வயதிலேயே மாமாவுக்குக் குடலில் புற்றுநோய் வந்ததால், இது பரம்பரையாக வருவதாக இருக்கலாம் என்று டாக்டர் எங்களை மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்ன அறை, மூன்று நாற்காலி, மேஜையில் டிஷ்யூ பெட்டி. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று நம் குடும்பத்தையே அந்தம்மா ஒரு தாளில் வரைந்துவிட்டார். உன் தாத்தா எதனால் போனார் என்று கேட்டார், வயிற்றுப்புண் என்றேன். அவர் அண்ணன்? அவருக்கும் வயிற்றுப்புண். "ஏன்க்கா, நம்ம வீட்டுல எல்லாருக்கும் ஒரே புண்ணா?" என்று மாமா என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் எனக்கே உறைத்தது, வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

நோய் வந்தவருக்குத்தான் முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஊருக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிறவன் தன் ரத்தத்தைப் பார்க்க அடம் பிடித்தான், நான்தான் நச்சரித்துக் கொடுக்க வைத்தேன். மரபணுவில் கோளாறு இருப்பது உறுதியானது. அதே கோளாறு எனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, எனக்கு இருந்தால் உனக்கும் அதே பாதி. இருந்தாலே நோய் வந்துவிட்டதாக அர்த்தமில்லை, காலாகாலத்தில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, சின்னக் கட்டியாக இருக்கும்போதே எடுத்துவிடலாம் என்று அந்தம்மா பொறுமையாக விளக்கினார்.

இவ்வளவு கேட்டும் நான் ஆபீஸ் வேலையைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். "என்னை ஊசிக்குப் பிடிச்சுக் குடுத்துட்டு நீ நழுவுறியா?" என்று மாமா விடுவதாயில்லை. என் பயம் உன்னைப் பற்றியது. எனக்கு இல்லையென்றால் உனக்கும் இந்தக் கவலை விட்டது, இருந்தால் அதை உன் தலையில் கொண்டுவந்து இறக்குவது நானாக இருப்பேன். அப்பாவோ, "அவ நிம்மதியா வேலை பாக்கட்டும், இப்ப எதுக்கு அவகிட்ட?" என்கிறார். அவர் மனசு அப்படி. ஆனால் உனக்கும் வயிற்றுப்புண் கதையே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருமல் நிற்காவிட்டால் டாக்டரைப் பார், நாள் கடத்தாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நீ நன்றாயிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறேன். அப்பாவுக்கும் மாமாவுக்கும் இன்னும் தெரியாது. ரிசல்ட் வந்ததும் நீ கேட்டால் சொல்வேன், கேட்கும்வரை சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்வதும் வேண்டாமென்பதும் உன் இஷ்டம். அதுவரை போனில் என் குரலை வைத்து எதையும் ஊகிக்காதே, எனக்குச் சளி பிடித்திருக்கலாம்.

உன்
அம்மா