ஜெசிந்தாவின் துணிக்கூரைக் கார்

நவம்பர், ஞாயிறு இரவு

பாரிசவாதம் வந்தபிறகு என் மனைவி ஜெசிந்தாவின் இடது கை இன்னும் சரியாக எழும்பவில்லை. இனி ஓட்ட முடியாதென்று, தன் காரை விற்கச் சொன்னவளும் அவள்தான். வாங்குகிறவர் நாளை கோல்டிங் நகரத்திலிருந்து வருவதாக இருந்தது.

இன்று காரைக் கழுவி மெழுகு பூசினேன். பிறகு கூரையை மடிக்கப் போனேன். கராஜ் வாசலில் கதிரையில் இருந்தவள் சத்தம் போட்டாள்.

"இஞ்சேருங்கோ, ஈரத்தோட மடிக்காதேங்கோ! பூஞ்சணம் பிடிக்கும். குளிர் முடியுமட்டும் கூரை மூடியே இருக்கட்டும்."

"விக்கிற காருக்கு ஏனப்பா இவ்வளவு?"

துணி காய்ந்ததும் எழுந்து வந்து, தண்ணீர் ஊறாமலிருக்கப் பூசும் மருந்தை வலது கையால் மெல்லத் தேய்த்தாள். முழுக்கூரையையும் அவளே தேய்த்து முடித்தாள்.

"விக்கவேணுமெண்டு உண்மையாவே நினைக்கிறீரோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஓட்டுவியளெண்டா வேண்டாம். நான் பக்கத்தில இருந்து வாறன்."

இத்தனை வருடத்தில் ஒருநாளும் என்னை ஓட்ட விட்டதில்லை. நான் காரைக் கீறிப்போடுவேன் என்பாள். உடனே அந்த மனிதருக்குப் போன் எடுத்து, மன்னிப்புக் கேட்டு, வரவேண்டாம் என்றேன்.

இப்போது தூங்குகிறாள். அவள் கையில் இன்னும் மருந்து மணக்கிறது. ஏப்ரலில் கூரையைத் திறந்துகொண்டு முதலில் எங்கே போவதென்று கேட்க மறந்துவிட்டேன்.