கட்டி வைத்த பெல்ட்டை அறுத்தவன்

அன்பு மாறாத தேவராஜ் மாமா,

துக்கத்தில் எழுத வேண்டிய கடிதம் இது. கோபத்தில்தான் எழுத வருகிறது. நான் கொதிக்கும்போதெல்லாம் "வுடு மச்சான்" என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்து அடக்கிவிடுவீர்கள். இனி யார் அடக்குவது?

உங்கள் நினைவு ஜெபத்தை ஆம்பூர் லேத் பட்டறையிலேயே வைத்தார்கள். உங்கள் தம்பி செல்வராஜின் யோசனை. போதகர் வருகிறார், தோல் பதனிடும் டேனரி முதலாளிகள் வருகிறார்கள் என்று லேத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தான். எண்ணெய் விடும் துளைகளின் மேலும் சேர்த்து அடித்தான். அப்புறம் மைக்கைப் பிடித்து, "எங்கண்ணன் உழைப்பின் சிகரம்" என்று அழுதான். உங்களைப் புகழ்ந்த வாய்க்கும் உங்கள் மெஷினின் வாயை அடைத்த கைக்கும் சொந்தக்காரன் ஒருவனே.

அதோடு விட்டானா? மேல் மூடியைத் திறந்து உள்ளேயும் பிரஷ்ஷை விட்டிருக்கிறான். அங்கே சணல் கயிற்றில் நீங்கள் கட்டி வைத்த புது பெல்ட் இருந்தது. அந்த லேத்தில் பெல்ட் மாற்றுவதென்றால் ஸ்பிண்டில் தண்டையே உருவ வேண்டும். பெல்ட் முழு வளையம், தண்டு அதற்குள் நுழைந்து வர வேண்டும். அதனால் ஒவ்வொரு முறை உருவும்போதும் கூடவே இன்னொரு பெல்ட்டையும் கோத்து, புல்லிச் சக்கரத்தில் படாமல் ஓரமாகக் கட்டிவிடுவீர்கள். ஓடுவது அறுந்தால் முடிச்சை அவிழ்த்து மாட்ட வேண்டியதுதான். பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டுவீர்களே, பிள்ளையின் மார்க்கைக் காட்டுகிற மாதிரி! செல்வராஜுக்குக் காட்டவில்லையா? காட்டினீர்கள். அவன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் புது பெல்ட்டைத்தான் கத்தியால் அறுத்து எறிந்தான். தேய்ந்து வெடிப்பு விட்ட பழையதை விட்டுவைத்தான்.

பழையது எத்தனை நாள் தாங்கும்? உங்களோடு பட்டறையில் வேலை பார்த்த கரீம் பாய், ஒரு டேனரி டிரம்முக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தபோது அறுந்தது. மூடியைத் திறந்தால் சணல் கயிறு மட்டும் தொங்குகிறது. அவர் என் பள்ளிக்கூடத்துக்கு ட்ரங்க் கால் போட்டார். வேலூரில் இரண்டு பெல்ட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறை வாசலில் மெட்டடார் வேன். பழைய மெஷின் வாங்குகிற ஆளைச் செல்வராஜ் கூட்டி வந்திருந்தான். உங்களுக்குப் பிறகு அக்காவுக்குச் சோறு போடுவது அந்த ஒரு மெஷின். அதை ஏற்றிவிட்டு அந்த இடத்தில் இவன் ஷூ கடை வைக்கப் போகிறானாம்.

"கெயட்டு மெஷின் அண்ணி. தொட்டா அறுந்துக்குது. வந்த வெலைக்குத் தள்ளிடலாம்."

கரீம் பாய் அறுந்த பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "இன்னா தம்பி, மெஷினுக்குப் புதுச் சட்டை போட்ட, சரி. நரம்ப ஏன்பா அறுத்த?"

"வால் மாதிரி தொங்கிக்கினு இருந்துது பாய். போதகர் பாத்தா இன்னா நெனைப்பாரு?"

"போதகர் மூடியத் தொறந்துதான் ஜெபம் பண்ணுவாரா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையைக் கழற்றினேன். "வாத்தியாரே, சாக்பீஸ் புடிக்கிற கை, ஜாக்கிரதை" என்றான் உங்கள் தம்பி. ஸ்பேனரை எடுத்தேன். விடுமுறைகளில் உங்களோடு அந்த ஸ்பிண்டிலை உருவியவன் நான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? பட்டறைப் பக்கம் வந்திருந்தால் அல்லவா?

திருகுகளின் தலையில் பெயிண்ட், நட்டில் பெயிண்ட். சுரண்டிச் சுரண்டித்தான் கழற்ற முடிந்தது. பாய் கட்டையை வைத்துத் தட்ட, நான் மறுபக்கம் தாங்கினேன். தண்டு மெல்ல நகர்ந்து வந்தது. தண்டைத் திரும்ப நுழைக்கும்போது ஒரு பெல்ட்டைப் புல்லியில் மாட்டினோம், இன்னொன்றை ஓரமாகக் கோத்தோம். அடைந்த துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து எண்ணெய் விட்டோம். வேன்காரர் பொறுமை இழந்து, "ஏத்தலாமா வாணாமா, சொல்லிடுங்கம்மா" என்றார்.

அக்கா எழுந்து வந்து சுவிட்சைப் போட்டாள். முனகாமல் ஓடியது, மாமா.

"வண்டியத் திருப்பிக்குங்க. எங்கூட்டு மெஷின் ஓடுது."

"அண்ணி, நான் உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தான்.

"நீ ஒண்ணு பண்ணு செல்வம். போறப்ப அந்த பெயிண்ட் டப்பாவ எடுத்துக்கினு போ."

செல்வராஜை மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. "சின்னப் பையன், வுடு" என்று நாற்பது வயதுக்காரனைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தீர்கள். அந்த வருத்தம் உங்கள் மேலும் உண்டு. யாரிடம் போய்ச் சொல்ல?

அன்று சுவிட்சைப் போடும் முன், ஓரத்துப் பெல்ட்டைக் கட்டப் புதுக் கயிறு எடுத்தார் பாய். நான் விடவில்லை. உங்கள் சணல் கயிற்றாலேயே, உங்கள் முடிச்சையே போட்டேன். அந்த முடிச்சு இருக்கும்வரை லேத் அக்காவை விட்டுப் போகாது. அடுத்த நினைவு ஜெபத்துக்கு யார் வேண்டுமானாலும் வரட்டும், பாடட்டும், அழட்டும். மூடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

இன்னும் கோபம் தணியாத உங்கள் மச்சான்,
ஞானசேகரன்