ரெண்டாம் சுற்றுக்கு நான் போனேன்

என்னங்க,

கமலாதான். ஒரு சேதி சொல்லணும், கேளுங்க. போன ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் போய்விட்டு வந்தேன். தனியாகத்தான். பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலின் ரெண்டாம் சுற்றில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன்.

நம்புறீங்களா? நானே இன்னும் முழுசாக நம்பவில்லை.

எதிர் ஃப்ளாட்டுக்குப் புதுசாக வந்திருக்கிற அம்மா கேட்டாங்க, "ஸ்ரீரங்கத்துல இருந்துகிட்டு பிரான்ஸ்ல எப்படிங்க ஓட்டு?" நீங்க இருந்தால் ஒரு மணி நேரம் சரித்திரம் சொல்லியிருப்பீங்க. நான் சுருக்கமாக முடித்துவிட்டேன். "அவர் காரைக்கால்காரர். அந்த ஊர ஆண்ட பிரெஞ்சுக்காரன் போனப்புறமும் அவங்க குடும்பம் அந்தக் குடியுரிமைய விடல. அவரு பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தாரு. கல்யாணமாகி அங்க போனதும் நானும் அந்த நாட்டுப் பிரஜை ஆயிட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வேகமாகச் சொல்லி முடித்தேன்.

ஓய்வு வாங்கி ஸ்ரீரங்கம் வந்த பிறகு நாலு தேர்தல் பார்த்தோம். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காது. முன்னால் நிற்கிற ரெண்டு பேருக்கும் பதினைந்து நாள் கழித்து மறுபடி போட்டி. ஆக, எட்டுத் தடவை காரைக்கால். எட்டுத் தடவையும் முந்தின நாளே முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்பீங்க. வெள்ளைச் சட்டைக்கு நீங்களே இஸ்திரி போடுவீங்க, என்னை நம்ப மாட்டீங்க. ரயில் தஞ்சாவூர் தாண்டினால் போதும், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பையைத் தடவ ஆரம்பிப்பீங்க. திருவாரூரில் தயிர்சாதம். நாகூர் வந்ததும் ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்து, கடல் வாசனை வருதா, வருதா என்று கேட்பீங்க. எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆனாலும் வருது என்பேன்.

ஒரு தடவை உங்கள் ஆள் முதல் சுற்றிலேயே தோற்றுப்போனார். ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை நீங்க. சரி, இந்தத் தடவை ஒரு டிக்கெட் மிச்சம் என்று நினைத்தேன். பதினைந்தாம் நாள் பார்த்தால் மறுபடி வெள்ளைச் சட்டை! "உங்க ஆள்தான் இல்லையே, எதுக்குங்க போறீங்க?" என்றேன். "நம்ம ஆள் இல்லன்னா என்ன, நாடு இருக்குல்ல" என்றீங்க.

நான் மட்டும் ஒரு தடவையும் ஓட்டுச்சாவடிக்குள்ளே வந்ததில்லை. வாசலில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருப்பேன். "வரியா கமலா?" என்று கேட்பீங்க. "கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்பேன். ரெண்டாவது தடவை கேட்டதே இல்லை நீங்க.

கால் வலி இல்லைங்க. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அது கோபம்.

உறையூரில் அப்பா சைக்கிள் கடையைச் சாத்திவிட்டு என்னை ஓட்டுச்சாவடிக்குக் கூட்டிப் போனது ஒரே ஒரு தடவைதான். விரலில் மை வைத்ததும், "பாத்தியா, நீ பெரிய மனுஷி ஆயிட்ட" என்று ரோட்டில் வருகிறவர்களிடமெல்லாம் என் கையைப் பிடித்துக் காட்டினார். அடுத்த தேர்தலுக்குள் உங்களைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். அங்கே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? இங்கே திரும்பி வந்து முதல் தேர்தல் நாளில்தான் புரிந்தது. பால்காரர், வாட்ச்மேன், கீழ்வீட்டு மாமி, எல்லார் விரலிலும் மை. நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு காய் வாங்கினேன். பிறந்த ஊரில் எனக்கு ஓட்டு இல்லை. உங்கள் ஓட்டு எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தவள்தான்.

இந்தத் தடவையும் முதல் சுற்றுக்குப் போகவில்லை. நீங்க போய் ரெண்டு வருஷமாகிறது, யாரோடு போவது? அன்றைக்குச் சும்மாவே வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

ரெண்டு நாள் கழித்து பிரான்ஸிலிருந்து நம்ம நிர்மலா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து பஸ்ஸுக்காக நிற்கிறாளாம். குரலே சரியில்லை.

"அம்மா, இங்க நிறையப் பேரு ஓட்டே போடலம்மா. ரெண்டு பேருல யார் வந்தா என்னன்னு பேசுறாங்க. எனக்கு அப்படி இல்ல, அதுல ஒருத்தருக்கு வெளியிலேருந்து வந்தவங்களைக் கண்டாலே ஆகாது. இன்னிக்கு ஒரு நோயாளி, என் நிறத்தைப் பாத்துட்டு, நான் ஊசி போட வேண்டாம், வேற நர்ஸை வரச் சொல்லுன்னுட்டார். பதினோரு வருஷமா அதே வார்டுலதான் இருக்கேன்."

"நீ போடுவேல்லம்மா?" என்றேன்.

"போடுவேன். அப்பா இருக்கிறவரைக்கும் அங்கேர்ந்து ஒரு ஓட்டு எனக்காக வரும்னு இருந்துச்சு. இப்ப என்னோடது மட்டுந்தான்." அதற்குள் பஸ் வந்துவிட்டது. வைத்துவிட்டாள். என்னைப் போ என்று அவள் கேட்கவில்லை, கவனிச்சீங்களா? அப்படியே உங்கள் பிள்ளை.

ஞாயிறு விடிகாலை ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஜங்ஷன் போனேன். பாஸ்போர்ட்டை நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். நாகூர் வந்ததும் ஜன்னலோரம் இடம் கேட்டு உட்கார்ந்தேன். உங்களுக்காகத்தான்.

காரைக்காலில் கூட்டமே இல்லைங்க. நீங்க நிற்கும்போது வரிசை கேட் வரைக்கும் வரும். இப்போது நாற்காலிகள்தான் அதிகம். பல பேர் பிள்ளைகளிடம் போய்விட்டார்களாம், பல பேர் உங்களை மாதிரிப் போய்விட்டார்கள். மேஜையில் இருந்த தம்பி என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பட்டியலைப் புரட்டினார். உங்கள் பேரில் தேடினார் போலிருக்கிறது. இல்லை.

என் பேரே இருக்காதே! இதை ஏன் முன்னாடியே யோசிக்கவில்லை? நான் எந்தக் காலத்தில் பதிந்தேன்? பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாமா என்று நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல். "தேவராஜ் வீட்டம்மாதானே?" உங்களோடு பட்டாளத்தில் இருந்த இருதயராஜ் அண்ணன். கைத்தடியோடு நிற்கிறார்.

"தம்பி, புருஷன் பேருல பாக்காத. பொம்பளைங்களுக்கு இங்க பொறந்த வீட்டுப் பேருதான். உங்க அப்பா பேரு என்னம்மா?"

"சின்னையா."

தம்பி விரலை இறக்கிக்கொண்டே வந்து நிறுத்தினார். "இருக்குங்க."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். சின்னையா, கமலா. அவர்கள் எழுத்தில், அவர்கள் பட்டியலில், எங்க அப்பா பேர். என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது என்று இத்தனை வருஷம் யாரை நினைத்தேனோ, அந்த நாடு என்னை உறையூர் சைக்கிள் கடைக்காரர் மகளாகத்தான் எழுதி வைத்திருக்கிறது. கண் மறைத்துவிட்டது. தம்பி பயந்து தண்ணீர் கொடுத்தார்.

"பேரு எப்படிண்ணே இருக்கு? நான் கேக்கவே இல்லையே?" என்றேன்.

"நீங்க எங்க கேட்டீங்க? உங்க வீட்டுக்காரருதான் எழுதிக் குடுத்தாரு. ஒவ்வொரு தடவையும் தான் போட்டுட்டு, 'அவ பேரு இருக்கான்னு பாருங்க'ன்னு கேட்டுட்டுத்தான் வெளிய போவாரு."

என்னங்க, அப்படியானால் உங்களுக்குத் தெரியுமா? என் கால் வலி என்ன வலி என்று தெரிந்தேதான் ஒரு தடவைக்கு மேல் கேட்காமல் இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா?

திரைக்குள் போய்ச் சீட்டை மடித்துக் கவரில் வைத்தேன். கண்ணாடிப் பெட்டியில் போட்டதும் அவர்கள் வழக்கப்படி சத்தமாக, "ஆ வோத்தே!" என்றார்கள். ஓட்டுப் போட்டாச்சு என்று அர்த்தம், எனக்குத் தெரியும். வெளியே உட்கார்ந்து எட்டுத் தடவை கேட்டிருக்கிறேனே. பட்டியலில் என் பேருக்கு எதிரே ரெண்டு கட்டம். முதல் சுற்றுக் கட்டம் வெறுமையாக இருந்தது, பார்க்க வெட்கமாக இருந்தது. ரெண்டாவதில் கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான்.

மறுநாள் காலையில் நிர்மலா அழைத்தாள். அவள் பயந்த ஆள் வரவில்லை. "ஆனா ரொம்பச் சந்தோஷப்பட ஒண்ணுமில்லம்மா, அந்தப் பக்கமும் நிறையப் பேரு போட்டிருக்காங்க" என்றாள். காரைக்கால் போனதைச் சொன்னேன். "தனியாவா போனே?" என்று மட்டும் கேட்டாள்.

கோபம் போய்விட்டதா என்றால், முழுசாகப் போகவில்லைங்க. விரலில் மை இல்லாத குறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் மேல் இல்லை. அதை நீங்க இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

ஜூனில் அவர்கள் நாடாளுமன்றத் தேர்தல். அதுவும் ரெண்டு சுற்றுத்தான். அதற்குக் கம்ப்யூட்டரிலேயே போடலாம், வெயிலில் அலையாதே என்கிறாள் உங்கள் மகள். முடியாது என்றுவிட்டேன். ரெண்டு ஞாயிற்றுக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. கால் நடக்கிற வரைக்கும் நேரில் போவேன், இது சத்தியம்.

உங்கள் மனைவி,
நிர்மலாவின் அம்மா,
சின்னையா மகள் கமலா