முகம் தெரியாதவர்களுக்கு இட்ட கையெழுத்து

ஆகஸ்ட் 14, வியாழன்

வரலாற்றுப் பாடத்துக்காக இன்று ஒரு யூத நலச் சங்கத்தின் பழைய கோப்புகளைப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்த யூத அகதிகளுக்கு, இவர்கள் எங்கள் பொறுப்பு என்று சங்கத்தார் அரசாங்கத்திடம் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆர்வத்தில், அப்பாவும் படகில் அகதியாக வந்தவர் என்று அங்கிருந்த காப்பாளர் மிரியமிடம் சொல்லிவிட்டேன். அப்பாவின் கதையைக் கண்காட்சிக்கு எழுதித் தரச் சொன்னார்.

இரவு இதைச் சொன்னதும் அப்பா சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

"என்ர விசா முடிவு இன்னும் வரேல்லை. ஆரைக் கேட்டுச் சொன்னனீ?"

"பேர் போடமாட்டினம், அப்பா."

"நாங்கள் இருக்கிற இடம் வெரிபீ எண்டு போட்டாலே காணும், ஆரெண்டு தெரிஞ்சிடும், பிள்ளை."

நாளை மிரியமிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

அப்பா கைகழுவிவிட்டு வந்து கேட்டார்: "கையெழுத்துப் போட்டவை சொந்தக்காரரோ?"

"இல்லை. முகமே தெரியாதவை."

"இப்பவும் ஆருக்கும் போடுவினமோ?"

எட்டுப் பக்கம் குறிப்பெடுத்தேன். அதை மட்டும் நான் மிரியமிடம் கேட்கவே இல்லை.