மாட்ட மறந்த மூடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் எங்கள் பொழுது போகிறது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. இரண்டு வாரமாக நீ போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நழுவுகிறேன், காரணத்தை வாயால் சொல்ல நா எழவில்லை.

அணை கட்டி உண்டான நம் மலை ஏரியில் இப்போது சீசன். பனி விலகுமுன்பே படகுத்துறையில் வரிசை நிற்கிறது, தூண்டில்காரர்களுக்குக் கரையில் இடமில்லை. அந்த அவசரத்தில் ஒரு ஞாயிறு காலை மிதிபடகைக் கழுவித் தண்ணீரை வடித்தவன், அடியில் வடிதுளையை அடைக்கும் ரப்பர் மூடியைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். அதில் ஒரு தகப்பனும் ஆறு வயதுப் பெண்ணும் ஏறினார்கள். நடு ஏரியில் தண்ணீர் புகுந்து படகு கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மிதந்தார்கள். உனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் மாமாதான் மோட்டார் படகில் பறந்துபோய் இருவரையும் கரைசேர்த்தார். என் செருப்பு ஒண்ணு போச்சு என்று அந்தக் குழந்தை நடுங்கிக்கொண்டே அழுதது.

யார் பார்த்த படகு என்று மேனேஜர் கத்தினார். மூடி என் கோட்டுப் பைக்குள் இருந்தது, கை அதைத் தொட்டுக்கொண்டே இருந்தது. மெக்கானிக்தான் சார் கடைசியா பார்த்தாரு என்று சொல்லிவிட்டேன். சொட்டச் சொட்ட நின்ற மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு குனிந்து சட்டையைப் பிழிந்தார். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஒன்பது நாள் நான் ஒன்றும் நடக்காததுபோல் வேலைக்குப் போனேன். பத்தாம் நாள் கோட்டைத் துவைக்க எடுத்த அம்மா கையில், ஊரே காணோம் என்று பேசிய அந்த மூடி அகப்பட்டது. காப்பாத்தின மனுஷன் மேலயா பழி போட்டீங்க என்று கேட்டாள். உடனே போய் அதை மேனேஜர் மேஜையில் வைத்து உண்மையைச் சொன்னேன். மாமாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. படகுத்துறையிலிருந்து மாற்றப்பட்டு நான் இப்போது கரையோரப் பூங்காவில் குப்பை பொறுக்குகிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். உக்காருங்க என்றவர், வேலை இல்லாம வீட்ல இருந்தப்ப உங்க பொண்ணு போன் பண்ணா, ஏன் மாமா வேலைக்குப் போகலன்னு கேட்டா, முதுகுவலி, நானே லீவு போட்டேன்னு சொல்லிட்டேன், நீங்களும் அதையே சொல்லிடுங்க என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அவர் சொன்னதை நீ நம்பியிருப்பாய். அவருக்கு முதுகுவலி இல்லை மகளே.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் மாமாவிடம் பேசு, என்னிடம் பேசுவது உன் இஷ்டம்.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்கக் கூசும்
அப்பா