அக்கா தம்பி டாட் காம்

மார்ச் 3, செவ்வாய்

கடையின் டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, அடுத்த மாதம் காலாவதியாகிறதாம். அதைப் பதிவு செய்துவைத்திருக்கும் கம்பெனியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். போன் செய்தால் பாட்டு மட்டும் கேட்கிறது. வெப்சைட் பார்க்கும் பெண் இன்று முடிவாகச் சொல்லிவிட்டாள்: "வேற கம்பெனிக்கு மாத்திடுங்க மேடம். பழைய அக்கவுண்டுல லாக்கை எடுத்துட்டு மாத்தறதுக்கான ரகசியக் கோடு ஒண்ணு வாங்கிக் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

அக்கவுண்ட் யார் பேரில் என்று கேட்டாள். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

தம்பி பேரில்.

மார்ச் 4, புதன்

அவனைக் கேட்காமல் முடியுமா என்று பார்த்தேன். கடை என்னுடையது, உரிமம் என் பேரில், டொமைனையும் என் பேருக்கு மாற்றுங்கள் என்று கம்பெனிக்கு மெயில் போட்டேன். 'பதிவு செய்தவரின் ஒப்புதல் இன்றி எதுவும் செய்ய இயலாது.' இதற்கு மட்டும் உடனே பதில் வருகிறது.

என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட பையன் இப்போது 'பதிவு செய்தவர்'.

மார்ச் 6, வெள்ளி

அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தேன். "நீயே கேளு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி வேலை பாக்க மாட்டேன்." வைத்துவிட்டாள்.

அவன் கடையை விட்டுப் போய் இரண்டு வருஷம். பேட்டரி சைக்கிளும் விற்கலாம் என்றான், நான் வேண்டாம் என்றேன். "இது கடையா, கண்காட்சியா?" என்றான். அப்படியானால் நீ வேறு கடை பார் என்றேன். பார்த்துக்கொண்டான், ஆற்றுக்கு அந்தப் பக்கம். பேரில் மட்டும் இன்னும் சேர்ந்தே இருக்கிறோம்: 'அக்கா தம்பி சைக்கிள்ஸ்'. அந்தப் பேரும் அவன் யோசித்ததுதான். அது எனக்கே வேணும்னு அவன் சொல்லிட்டா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சைக்கிள் அத்தனையும் ரிப்பேருக்கு நம்மிடம் வரப்போகிற நேரம். அந்தப் பேச்செல்லாம் இந்த டொமைன் பேரில் இருக்கும் மெயிலில்தான் நடக்கிறது.

மார்ச் 9, திங்கள்

எழுதி எழுதி அழித்து, கடைசியில் வாட்ஸப்பில் அவனுக்கு அனுப்பியது: "டொமைன் மாத்தணும். கோடு வேணும்."

பார்த்துவிட்டான். கோடு கேட்டதற்கு இரண்டு நீலக் கோடுதான் கிடைத்தது.

மார்ச் 10, செவ்வாய்

பதில் இல்லை.

மார்ச் 12, வியாழன்

பாலம் தாண்டி நேரிலேயே போனேன். ஒரு பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"கரண்ட் பில் கட்டச் சொல்ற மாதிரியா மெசேஜ் போடுவ?"

"வேற எப்படிக் கேக்கறது?"

"எப்படி இருக்கன்னு கேட்டுட்டுக் கேக்கலாம்ல?"

"சரி. எப்படி இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்." அப்புறம்தான் நிமிர்ந்தான். கன்னம் வற்றியிருந்தது. "அக்கா தம்பிங்கற பேரை இங்க போர்டுல போட்டுக்கலாமான்னு யோசிச்சேன்க்கா."

"போட வேண்டியதுதானே?"

"வர்றவன் எல்லாம் அக்கா எங்கன்னு கேப்பான். யாரு பதில் சொல்றது?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன், அவனும்தான். கையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். லாக்கை எடுத்தான். எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு கிறுக்கல் என் போனுக்கு வந்தது. இதற்குத்தான் இத்தனை நாள்.

டீ குடிக்கிறாயா என்று கேட்டான். கடையைப் பூட்டாமல் வந்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 13, வெள்ளி

வெப்சைட் பெண்ணிடம் கோடு கொடுத்தாயிற்று. சம்மதமா என்று பழைய கம்பெனி அவனுக்கு மெயில் அனுப்பியதாம். உடனே சம்மதித்துவிட்டான்.

மார்ச் 18, புதன்

மாறிவிட்டது. என் பேரில். இவ்வளவுதானா?

மார்ச் 19, வியாழன்

காலையிலிருந்து ஒரு மெயில்கூட இல்லை. வெப்சைட் திறக்கிறது, மெயில் மட்டும் செத்துக் கிடக்கிறது. பள்ளிக்கூடம் இன்றைக்குத்தான் முடிவு சொல்வதாக இருந்தது. வெப்சைட் பெண் போனை எடுக்கவில்லை. நல்லா இருந்ததை நானே கெடுத்துட்டேனா? இப்ப யார்கிட்டப் போய் நிக்கறது?

மதியம் அவனே கூப்பிட்டான். "அக்கா, உனக்கு மெயில் போட்டேன், திரும்பி வந்துடுச்சு. மெயில் எங்க போகணும்கற செட்டிங்கைப் புது இடத்துல போடாம விட்டிருக்காங்க."

"எனக்கு அதெல்லாம் எங்கடா தெரியும்?"

"ஒண்ணையும் தொடாத. வரேன்."

ஏப்ரனோடு வந்து நின்றான். என் ஸ்டூலில் உட்கார்ந்து, பழையதைப் பார்த்துப் பார்த்துப் புதியதில் அடித்தான். நான் டீ போட்டேன். குடித்தான். சாயங்காலம் மெயில்கள் பொலபொலவென்று விழுந்தன. பள்ளிக்கூடம் சம்மதித்துவிட்டது.

எனக்கு என்ன மெயில் போட்டாய் என்றேன். "மறுபடி அனுப்பறேன், படிச்சுக்கோ" என்று கிளம்பிவிட்டான்.

'அக்கா, இங்க ஒருத்தர் சாதா சைக்கிளுக்கு கியர் மாத்தணும்கறார். உன்னை மாதிரி எனக்குக் கை வராது. அனுப்பட்டுமா?'

அனுப்பு என்று எழுதினேன். எப்படி இருக்க என்றும் சேர்த்தேன்.

மார்ச் 23, திங்கள்

கியர்க்காரர் வந்தார். வேலை சுத்தமாக முடிந்தது.

மூட்டு வலிக்காரர் ஒருவர், பேட்டரி சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டு வந்தார். வாசல்வரை கூடப் போய் வழி காட்டினேன்.

"பாலம் தாண்டினதும் இடது பக்கம். நம்ம கடைதான். தம்பி இருப்பான்."