சாமத்திய வீட்டுக்கு ஒரு கௌபோய்

அஜக்ஸ்,
வியாழன் இரவு

என் அன்பான தேனுகா அக்காவுக்கு,

ஹலிபாக்ஸில் நீங்கள் சுகமாகப் படிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என் போனை அம்மா பார்ப்பதால் கடிதம் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் உங்கள் ரூம்மேட்டும் வாசிக்க மாட்டாள். அம்மா இன்னும் தூங்கவில்லை. காலடி கேட்டால் இதை ஒளிக்க வேண்டும், அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

நான் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீட்டுக்கு மார்க்கம் நகரில் மண்டபம் எடுத்தது உங்களுக்குத் தெரியும். குதிரை விஷயம் தெரியாது.

வீடியோ எடுக்கும் ஸ்ரீதரன் அங்கிள் வந்து, பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். இந்த விஷயத்தில் என்னிடம் யாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன். நூறு வருடத்துக்கு முந்திய பேசாப் படங்களில் நடித்த ஒரு கௌபோயைப் பள்ளிக்கூடத்தில் மிஸ் காட்டினார். நீண்ட முகம், சிரிக்கவே மாட்டார். கதவைத் திறந்து சும்மா நிற்பார், எல்லோரும் விலகுவார்கள். அவர் வாய் அசைந்தால் திரையில் எழுத்து வரும், சொன்னது எல்லோருக்கும் விளங்கும். எனக்கு அதுதான் பிடித்தது. போனில் காட்டினேன்.

அங்கிள் பாதியிலேயே நிறுத்திவிட்டு, "அப்ப பிள்ளையைக் குதிரையிலை இறக்குவம். ஹெலிகொப்டரிலை எல்லாரும் இறக்கிட்டினம், உது ஒருத்தரும் செய்யேல்லை" என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

இப்போது மாதக் கடைசிச் சனிக்கிழமை விட்பிக்கு அப்பால் ஒரு பண்ணையில் படப்பிடிப்பு. ரோஸ் பட்டுச்சேலை, அதே நிறத்தில் மணி தைத்த கௌபோய் தொப்பி. படத்தில் அந்தக் கௌபோய் குதிரையில் மலைச் சரிவில் பாய்ந்து இறங்குவார். நான் ஓர் ஆள் கயிறு பிடித்து நடத்தும் குதிரையில் இருந்து கையசைக்க வேண்டுமாம். பிறகு அதை மண்டபத்தில் பெரிய திரையில் போடுவார்கள். என் வகுப்பு நிரூபனின் குடும்பத்துக்கும் அழைப்பு போகிறது. திங்கட்கிழமை நான் எப்படி வகுப்புக்குப் போவது?

வேண்டாம் என்று தமிழில் சொன்னேன், இங்கிலீசில் சொன்னேன், சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். அப்பா, அம்மாவிடம் கேள் என்கிறார். அம்மா, பிள்ளைக்கு வெட்கமாம் என்று பேபி அன்ரியிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

நேற்று அழுதுகொண்டே, ஏன் கட்டாயம் என்று கேட்டேன். அம்மா வெங்காயம் வெட்டியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் பெரியபிள்ளையாகேக்கை சண்டையாலை இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்திலை இருந்தனாங்கள். மாத்தி உடுக்கத் துணியில்லை. எனக்கு ஒருத்தரும் ஒரு செம்புத் தண்ணிகூட வாக்கேல்லை."

அப்படியென்றால் நீங்களே குதிரையில் ஏறுங்கள் என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஆனால் கோபம் போகவில்லை. அம்மா பாவம் என்று நினைக்கும்போது இன்னும் கூடுகிறது.

அக்கா, அந்தச் சனிக்கிழமைக்கு முதல் அம்மாவுக்குப் போனில் கோல் எடுங்கள். வீட்டில் சின்னதாகச் செய்யட்டும். சடங்குக்குத் தலையில் தண்ணீர் வார்க்க இருப்பேன், சேலையும் கட்டுவேன். குதிரையும் திரையும் மட்டும் வேண்டாம். நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

வரவேற்பறையில் தொங்கும் உங்கள் சாமத்திய வீட்டுப் படத்தைக் காட்டித்தான் அம்மா ஒவ்வொரு முறையும், அக்கா மாட்டன் என்றாளா என்று கேட்கிறார். அப்போது நான் சின்னப்பிள்ளை, எனக்குத் தெரியாது. நீங்கள் அன்றைக்கு மாட்டேன் என்று சொல்லியிருந்தால், அதை இப்போதாவது அம்மாவுக்கு நினைவுபடுத்துங்கள்.

பரீட்சை நல்லபடி நடக்க முருகன் துணையிருக்கட்டும்.

உங்கள் கோலுக்குக் காத்திருக்கும்,
தங்கச்சி சாம்பவி